பெயர் எழுத வேண்டாம்

மார்ச் மாதம். வால்டிவியாவில் மழை தொடங்கியிருந்தது.
வகுப்பில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.
எந்த வார்டில் வேலை பார்க்க ஆசை?
ஒன்று முதல் ஒன்பது வரை எண் போடவும்.
பெயர் எழுத வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்றதும்
எல்லோர் கையும் சுறுசுறுப்பானது.
பச்சிளங்குழந்தைகளுக்கு ஒன்று போட்டேன்.
முப்பத்தோரு பேரில் இருபத்திரண்டு பேர்
அப்படித்தான் போட்டோமென்று பிற்பாடு தெரிந்தது.
அவசரப் பிரிவு இரண்டு, அறுவை அரங்கு மூன்று.
அங்கெல்லாம் ஓடலாம்.
ஓடுகிறவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை.
முதியோருக்கு எட்டு.
குடிநோய்ப் பிரிவுக்கு ஒன்பது:
யோசிக்கவில்லை, கதவைச் சாத்துவதுபோல் போட்டேன்.

பக்கத்தில் ரயேன்
எல்லாக் கட்டத்திலும் ஐந்து போட்டாள்.
"எந்த வார்டானாலும் மூத்திரம் ஒரே நிறம்தான்."
அது பொய்யென்று
முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டாள்.

ஆசைப்பட்ட இடத்தில் ஆறு வாரம்.
கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கை அளவு உயிர்.
தொடக்கூடாது; கணக்கு எழுதலாம்.
மில்லிலிட்டர், நிமிடம், மில்லிலிட்டர்.
அப்பாக்கள் என் அட்டையில்
'மாணவி' என்பதைப் படித்துவிட்டு
என் தோளுக்குப் பின்னால் வேறு யாரையோ தேடினார்கள்.

முதியோர் வார்டில் தோன் எலெயுதெரியோ.
முன்னாள் பேருந்துப் பரிசோதகர்.
சீட்டு காட்டாமல் அவர் கையைத் தொட முடியாது.
கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்துக் கொடுப்பேன்.
ஓரத்தை நகத்தால் கிள்ளிவிட்டுத் திருப்பித் தருவார்,
பிறகுதான் ரத்த அழுத்தம்.
ஒருநாள் அட்டை கிடைக்கவில்லை. கெஞ்சினேன்.
"அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்" என்றார்.
இறங்கிக்கொண்டேன்.

பிடித்துப்போயிற்று என்று சொல்லமாட்டேன்.
நாற்றம் நாற்றம்தான்.
மூக்கின் கீழே புதினாக் களிம்பைத் தடவிக்கொண்டுதான்
விரிப்பு மாற்றினேன், கடைசி நாள்வரை.

ஆகஸ்டில் ஒன்பது.
ஆற்றோரப் பழைய கட்டடம். தகரக் கூரையில் மழை.
மீன் சந்தைப் பக்கமிருந்து கடற்சிங்கங்களின் ஏப்பம்.
பயந்தது எதுவும் நடக்கவில்லை.
ஒருவர் வாந்தியெடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.
இன்னொருவர் ஊசி பிடித்த என் கையையும்
போர்வைமேல் கிடந்த தன் கையையும் பார்த்து
"யாருடைய நடுக்கம் பெரிது?" என்றார்.
சிரித்தோம்.

நான்காம் நாள், ஏழாம் படுக்கை.
யஸ்னா பாரியென்தோஸ், வயது இருபத்திரண்டு.
கண்ணின் வெள்ளை எலுமிச்சையாய்ப் பழுத்திருந்தது.
பள்ளியில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தவள்.
அந்தப் பின்னலைப் பார்த்துக்கொண்டேதான்
நான்கு வருடம் வேதியியல் படித்தேன்.
அவளுக்கும் அடையாளம் தெரிந்தது.
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
'வணக்கம், நான் செவிலியர் மாணவி'
மனப்பாடத்தை ஒப்பித்தேன்.
பெயரைச் சொல்லவில்லை,
வேண்டாமென்று யாரும் சொல்லாதபோதும்.

மறுநாள் ஃபாபியானிடம் முறை மாற்றிக்கொண்டேன்.
வயிற்றுவலி என்று சொல்லி.
அவன் ஏழாம் படுக்கைக்குத் தலை அலசிவிட்டானாம்,
மூன்று குவளை வெந்நீர்.
"வாய் ஓயாமல் பேசினாள்.
யாரோ பள்ளித் தோழியாம்.
கேட்காமலே வீட்டுப்பாடம் கடன் கொடுப்பாளாம்."

வெள்ளிக்கிழமை போனேன்.
விரிப்பு இழுத்துச் செருகியிருந்தது, மூலைகள் கச்சிதமாக.
கையெழுத்துப் போட்டுவிட்டுத் தானே போய்விட்டாளாம்.
எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

நவம்பரில் அதே தாள், அதே கட்டங்கள்.
வெளியே வெயில்.
ஃபாபியான் விசிலடித்தபடி எண் போட்டான்.
ரயேன் இந்தமுறை ஒவ்வொன்றுக்கும் யோசித்தாள்.
பென்சிலை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் இருந்தேன்.

அடுத்த வாரம் முடிவு வாசித்தார்கள்.
பச்சிளங்குழந்தைகள் பதினேழு பேருக்கு முதலிடம்.
முப்பது தாள் செல்லும்.
ஒன்று மட்டும் செல்லாது:
எண்ணே போடவில்லையாம்.
மேலே பெயர் எழுதியிருக்கிறதாம்.